மாற்ற வேண்டியது கிடாரையா, தந்தியையா?

பேஸ் கிடார் வாசிக்கத் தொடங்கி ஒன்றரை ஆண்டு ஆவதற்குள் அந்தக் காய்ச்சல் வந்துவிடுகிறது. ஷில்லாங்கில் ஞாயிறு ஆராதனையில் வாசிக்கும் கல்லூரி மாணவருக்கு வருகிறது. வாரமெல்லாம் மென்பொருள் எழுதிவிட்டு வெள்ளிக்கிழமை இரவு மேடையேறும் பெங்களூர் இளைஞருக்கு வருகிறது. கல்யாண சீஸனில் ஆர்கெஸ்ட்ராவோடு ஊர் ஊராகப் போகும் மும்பைக்காரருக்கும் வருகிறது. அறிகுறி ஒன்றுதான்: போன வருடம் வரை கட்டிலருகே வைத்துக்கொண்டு தூங்கிய கிடார் மீது திடீர் அலுப்பு. சத்தம் சப்பென்று இருக்கிறது. விரல் வலிக்கிறது. மேல் ஸ்தாயியில் ஸ்வரம் சேரவில்லை. பன்னிரண்டாயிரம், பதினைந்தாயிரத்துக்கு வாங்கிய கிடார்தானே, வேறென்ன எதிர்பார்க்க முடியும் என்று மனம் தீர்ப்பு எழுதிவிடுகிறது. கையிலோ தவணையிலோ ஒரு 40,000 ரூபாய் புரளும் என்று தெரிந்துவிட்டால் அப்புறம் தூக்கம் கிடையாது.

மென்பொருள்காரருக்கு அந்தத் தொகை ஒரு பொழுதுபோக்கின் விலை. ஆர்கெஸ்ட்ராக்காரருக்கு அது ஒரு சீஸனின் மிச்சம். மாணவருக்கோ, வீட்டில் இரண்டாம் முறை கேட்க முடியாத பணம். தவறாகச் செலவானால், புதுக் கிடாரிலும் அதே விரல் வலி, அதே சப்பென்ற சத்தம். பழி இப்போது கிடார் மீது போகாது. தன் மீது போகும். 'நமக்கு வராது' என்று வாசிப்பையே மூட்டை கட்டி வைப்பவர்கள் இந்தக் கட்டத்தில்தான் அதிகம். எனவே கேட்க வேண்டிய முதல் கேள்வி 'எந்த பிராண்ட்?' அல்ல. 'இப்போது எது தடுக்கிறது?' என்பதுதான்.

அதற்கு இந்த வாத்தியம் எதற்காகப் பிறந்தது என்பதைப் பார்க்க வேண்டும். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ ரிப்பேர் கடை நடத்தியவர் லியோ ஃபெண்டர். கிடார் வாசிக்கத் தெரியாதவர். ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸைத் தூக்கிச் சுமக்கவும் முடியாமல், டிரம்ஸ் சத்தத்தில் அதைக் கேட்கவும் முடியாமல் தவித்த கலைஞர்களுக்காக 1951-ல் அவர் கொண்டுவந்த மின்சார பேஸுக்கு 'ப்ரிசிஷன்' என்று பெயர் வைத்தார். துல்லியம் என்று பொருள். டபுள் பேஸில் ஸ்வர ஸ்தானத்தை விரல்தான் தேடிப் பிடிக்க வேண்டும். இதில் வீணையின் மெட்டுபோல ஃப்ரெட்டுகள் உண்டு. அழுத்தினால் ஸ்வரம் அங்கேயே இருக்கும். 34 அங்குலத் தந்தி நீளமும் அவர் முடிவு செய்ததுதான். இன்றுவரை பெரும்பாலான பேஸ் கிடார்களுக்கு அதுவே அளவு.

ஆக, பேஸ் கிடார் என்ற வாத்தியத்தின் வாக்குறுதியே சுருதிதான். மலிவான கிடாரில் முதலில் சோதிக்க வேண்டியதும் அதைத்தான்.

இந்திய வாத்தியக்காரர்களுக்கு பிராண்ட் மோகம் வந்ததற்கு நியாயமான சரித்திரக் காரணம் உண்டு. லைசென்ஸ் ராஜ்ய காலத்தில் வெளிநாட்டுக் கிடார் என்பது கப்பல் ஊழியரின் பெட்டியிலோ, துபாய் மாமாவின் லக்கேஜிலோ வரவேண்டிய பொருள். இல்லையென்றால் கல்கத்தாவில் தயாரான உள்ளூர்க் கிடார். இரண்டுக்கும் இடையிலான தூரம் மலைக்கும் மடுவுக்கும். நுகர்பொருள் இறக்குமதிக்கு இருந்த அளவுக் கட்டுப்பாடுகள் 2001 ஏப்ரலில் நீங்கின. இன்று ஆரம்பநிலைக் கிடாரும் அதற்கு அடுத்த படியில் உள்ளதும் பெரும்பாலும் சீனாவிலும் இந்தோனேஷியாவிலும் தயாராகின்றன. கணிப்பொறி இயக்கும் யந்திரங்கள்தான் மரத்தைக் கடைகின்றன. யந்திரத்துக்கு மலிவான கிடார், விலை உயர்ந்த கிடார் என்ற பேதம் தெரியாது.

அப்படியானால் விலை எங்கே குறைகிறது? உதிரி பாகங்களில் கொஞ்சம். கடைசிக் கட்டக் கைவேலையில் நிறைய. ஃப்ரெட்டுகளைச் சமமாகத் தேய்ப்பது, அவற்றின் ஓரத்தை மழுக்குவது, தந்திகள் உட்காரும் பள்ளத்தைச் சரியான ஆழத்துக்கு அறுப்பது, தந்தியின் உயரத்தை நிர்ணயிப்பது எல்லாம் அனுபவசாலி ஒருவரின் நேரத்தைத் தின்னும் வேலைகள். மலிவான கிடாருக்கு அந்த நேரம் ஒதுக்கப்படுவதில்லை. ஆனால் விடுபட்ட அந்த ஓரிரு மணி நேரத்தைத் தனியாக விலைக்கு வாங்கலாம். 'செட்-அப்' என்று கேட்டால் கிடார் ரிப்பேர் தெரிந்தவர் செய்துதருவார்.

வீணையில் மெழுகு இளகி மெட்டுகள் இடம் பெயர்ந்தால், யாரும் வீணையைத் தூக்கிப் போடுவதில்லை. ஆள் தேடி மறுபடி மேளம் கட்டுகிறார்கள். செட்-அப் என்பதும் ஏறக்குறைய அதுதான். கிடாரின் கழுத்துக்குள் ட்ரஸ் ராட் என்று ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது. தந்திகளின் இழுவைக்கு எதிராகக் கழுத்தை நிமிர்த்திப் பிடிப்பது இதன் வேலை. மும்பை மழையில் மரம் ஊறினாலும் தில்லிக் குளிரில் வற்றினாலும் கழுத்தின் வளைவு மாறும். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு நடுவே பார்த்தால், தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு சந்து இருக்க வேண்டும். அதைவிட அதிகமென்றால் கழுத்து முன்னோக்கி வளைந்திருக்கிறது. சந்தே இல்லையென்றால் பின்னோக்கி.

அடுத்தது தந்தியின் உயரம். 12-வது ஃப்ரெட்டில் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் என்பது சௌகரியமான அளவு. கடையிலிருந்து வந்தபடியே இருக்கும் பல கிடார்களில் இது நான்கைத் தொட்டுவிடுகிறது. விரல் வலிக்கு மூலம் இங்கேதான். மூன்றாவது, ஸ்வர சுத்தம். 12-வது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே தந்தியை லேசாகத் தொட்டு மீட்டினால் வரும் ஸ்வரமும், அதே இடத்தில் அழுத்தி மீட்டினால் வரும் ஸ்வரமும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்தியது ஏறி ஒலித்தால் பிரிட்ஜில் தந்தி உட்காரும் சேணத்தைப் பின்னே தள்ள வேண்டும். இறங்கி ஒலித்தால் முன்னே. 'மேல் ஸ்தாயியில் சேரவில்லை' என்ற புகாரில் பாதி, ஒரு ஸ்க்ரூ டிரைவரில் தீர்ந்துவிடும்.

பிறகு தந்திகள். ஆரம்பநிலைக் கிடாரோடு வரும் தந்திகள், கிடார் கப்பல் ஏறிய நாளிலிருந்து வியர்வையும் ஈரமும் குடித்தவை. சென்னை, கல்கத்தா, கொச்சி போன்ற ஊர்களில் அவை சீக்கிரமே மழுங்கிவிடுகின்றன. இரண்டு, மூவாயிரம் ரூபாய்க்கு ஒரு நல்ல செட் தந்தி போட்டதும் கிடாரே மாறிவிட்டதாகத் தோன்றுவது பிரமை அல்ல. பளிச்சென்ற ஒலி வேண்டுபவர்களுக்கு வட்டக் கம்பி சுற்றிய தந்தி. உருண்டு திரண்ட பழைய காலத்து ஒலி வேண்டுபவர்களுக்குத் தட்டைக் கம்பி சுற்றிய தந்தி.

இங்கே டெட்ராய்ட்டின் ஜேம்ஸ் ஜேமர்சனைச் சொல்லியாக வேண்டும். 1960-களில் மோடவுன் கம்பெனியின் எண்ணற்ற பாடல்களுக்கு பேஸ் வாசித்தவர். அவரது முக்கிய வாத்தியம் ஒரு 1962 ப்ரிசிஷன். அதில் தடித்த, தட்டைக் கம்பி சுற்றிய தந்திகள். அறுந்தால் ஒழிய அவர் தந்தியை மாற்றமாட்டார் என்பது பிரசித்தம். மீட்டியதோ ஒற்றை ஆள்காட்டி விரலால். புதுத் தந்திதான் நல்ல ஒலி என்று சட்டம் எதுவும் இல்லை என்பதற்கு அவர் சாட்சி. எந்த ஒலி வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அது தெரியாதவரைக்கும் 40,000 ரூபாய்க் கிடாரும் உதவாது.

அடுத்த புகார் இரைச்சல். இந்திய மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. ஒற்றைச் சுருள் பிக்கப் உள்ள கிடார் அந்த ரீங்காரத்தைப் பிடித்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பிவிடும். இதைத் தவிர்க்கத்தான் 1957-ல் ப்ரிசிஷனின் பிக்கப் இரண்டு துண்டாக மாற்றி அமைக்கப்பட்டது; ஒன்று பிடிக்கும் இரைச்சலை மற்றது அடித்துவிடும். 1960-ல் வந்த ஜாஸ் பேஸ் வகையில் இரண்டு பிக்கப்புகளையும் சம அளவில் திறந்து வைத்தால் இதே பலன் கிடைக்கும். கிடாரின் குழிக்குள் செப்புத் தாள் ஒட்டினால் மற்ற இரைச்சலும் கணிசமாகக் குறையும். குமிழைத் திருகும்போது கரகரத்தால் ஒரு காண்டாக்ட் க்ளீனர் போதும். புதுக் கிடார் எதற்கு?

ஆனால் மைக்கில் உதடு பட்டதும் 'சுரீர்' என்று இழுத்தால் அது இரைச்சல் விவகாரம் அல்ல, உயிர் விவகாரம். கிடார் வாசிப்பவரின் விரல் உலோகத் தந்தியில். தந்தி ஆம்ப்ளிஃபயரின் எர்த்தோடு இணைந்தது. ஆம்ப்ளிஃபயருக்கும் மைக்குக்கும் எர்த் ஒன்றாக இல்லாவிட்டால் இடையில் கம்பியாக இருப்பது மனித உடம்பு. ஸ்டோன் த க்ரோஸ் என்ற பிரிட்டிஷ் குழுவின் கிடார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972 மே மாதம் ஸ்வான்ஸீ நகர மேடையில் மின்சாரம் பாய்ந்து இறந்தது, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டதால்தான். மூன்றாவது பின்னை உடைத்துவிட்டு இரண்டு துளை ப்ளக்கில் செருகுவது நம் பந்தல் மேடைகளில் சர்வ சாதாரணம். நல்ல எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்றும் சாக்கெட் சோதனைக் கருவி ஒன்றும் வாங்க ஆகும் செலவு, பட்ஜெட்டின் ஓரத்தில் அடங்கிவிடும். அதுதான் முதல் செலவாக இருக்க வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் 'சப்பென்று இருக்கிறது' என்றால், சந்தேகம் ஆம்ப்ளிஃபயர் மீது திரும்ப வேண்டும். பேஸின் தடித்த தந்தி, இ, வினாடிக்கு 41 அதிர்வு. செல்போன் ஸ்பீக்கருக்கு அது எட்டாத ஆழம். உள்ளங்கை அகல ஸ்பீக்கர் உள்ள பயிற்சி ஆம்ப்களுக்கும் பெரும்பாலும் எட்டாது. சாதாரண கிடார் ஆம்பில் பேஸைச் செருகிச் சத்தமாக வாசித்தால் ஸ்பீக்கரே கிழியலாம். வீட்டில் பயிற்சிக்கு நல்ல ஹெட்போன் உத்தமம். மேடையில் சவுண்ட் சர்வீஸ்காரரின் ஸ்பீக்கர்கள்தான் என்றால், சொந்த ஆம்பைவிட ஒரு டி.ஐ. பாக்ஸ் உபயோகமானது. கிடாரின் சமிக்ஞையைச் சுத்தமாக மிக்ஸருக்கு அனுப்பும் சின்னப் பெட்டி அது. இளையராஜாவின் 1980-களின் பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு பேஸ் என்பது அடியில் முனகும் சத்தமல்ல, பாட்டுக்குள் ஓடும் இன்னொரு பாட்டு என்று தெரியும். ஆனால் அதைத் தொலைபேசி ஸ்பீக்கரில் கேட்டுப் பார்த்தால் பாதி பாட்டைக் காணோம். குற்றம் வாசித்தவர் மீது அல்லவே.

இதற்கும் பிறகு மிஞ்சும் குறைகள்தான் உண்மையான குறைகள். முறுக்காணி வழுக்குகிறது; ஒரு பாட்டு முடிவதற்குள் சுருதி இறங்குகிறது. கழுத்து முறுக்கிக்கொண்டது, ட்ரஸ் ராடுக்கு அது கட்டுப்படாது. தோளில் மாட்டிக் கையை எடுத்தால் தலைப்பக்கம் தரையை நோக்கிச் சாய்கிறது. கழுத்து கைக்கு அகலம். குழுவின் பாடல்கள் இ தந்திக்கும் கீழே போகின்றன. இப்படிப் பெயர் சொல்லக்கூடிய குறை ஒன்று இருந்தால் புதுக் கிடார் வாங்குவதில் அர்த்தம் உண்டு. ஏனென்றால் எதை வாங்க வேண்டும் என்பதை அந்தக் குறையே சொல்லிவிடும்.

கழுத்து அகலமென்றால் ஜாஸ் பேஸ் வகை. தந்திகள் தொடங்கும் இடத்தில் அதன் அகலம் சுமார் 38 மில்லிமீட்டர். ப்ரிசிஷன் வகையில் பொதுவாக அதைவிட மூன்று, நான்கு மில்லிமீட்டர் கூடுதல். கை சிறியதென்றால் 30 அங்குல நீளமுள்ள குட்டை பேஸ். கீழே போக வேண்டுமென்றால் ஐந்து தந்தி. ஆனால் அந்த ஐந்தாவது பி தந்தி வினாடிக்கு 31 அதிர்வுதான். மலிவான கிடார்களில் அது தொளதொளவென்று ஆடும். கடையில் முதலில் அதை மீட்டிப் பார்க்க வேண்டும். ஒலியைக் கிடாரிலேயே கூட்டிக் குறைக்க வேண்டுமென்றால் பேட்டரி போட்ட ஆக்டிவ் வகை. வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்க மறந்தால் ஒன்பது வோல்ட் பேட்டரி வீணாகத் தீர்ந்துகொண்டே இருக்கும் என்பதையும் சேர்த்து வாங்க வேண்டும். ஸ்க்வையர், யமஹா, ஐபனீஸ் போன்ற கம்பெனிகள் எல்லாமே ஆரம்பநிலைக்கு அடுத்த படியில் இவற்றைத் தருகின்றன. அந்தப் படியில் பிராண்டுகளுக்கு இடையிலான வித்தியாசத்தைவிட, ஒரே பிராண்டின் இரண்டு கிடார்களுக்கு இடையிலான வித்தியாசம் பெரிதாக இருப்பதும் உண்டு.

காரணம் தெரிந்து வாங்கியதற்கு உதாரணம் பால் மெக்கார்ட்னி. 1961-ல் ஹாம்பர்க்கில் அவர் ஹாஃப்னர் பேஸ் வாங்கினார். ஃபெண்டர் விலை சுமார் 100 பவுண்ட். இது சுமார் 30 பவுண்ட். இடது கைக்காரர் திருப்பிப் பிடித்தாலும் கோணலாகத் தெரியாத, இருபுறமும் ஒரே மாதிரியான வயலின் உடம்பு. இரண்டு காரணம், இரண்டும் தெளிவு. 1972-ல் லண்டனில் திருடு போன அந்த மலிவு பேஸ் அவரிடம் திரும்ப வந்துவிட்டது என்ற செய்தி 2024 பிப்ரவரியில் வெளியானபோது உலகமே கொண்டாடியது.

விற்பனையாளர்கள் மரத்தைப் பற்றி நிறையப் பேசுவார்கள். அதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்து கேட்கலாம். விரல் பலகைக்குப் பெயர் பெற்ற ரோஸ்வுட்டில் ஒரு வகை, நீலகிரியிலும் குடகிலும் வளரும் நம் ஈட்டி மரமேதான். 2017 ஜனவரியில் ரோஸ்வுட் இனங்கள் எல்லாவற்றின் சர்வதேச வர்த்தகத்துக்கும் கட்டுப்பாடு வந்ததும் பல கம்பெனிகள் மாற்று மரம் தேடின. 2019 நவம்பரில் தயாரான வாத்தியங்களுக்கு விலக்கு கிடைத்தது. இதற்குள் இந்தியன் லாரல் என்ற பெயரில் விரல் பலகையாகிவிட்டது நம் கருமருது. வாசிப்பவர்கள் தொடர்ந்து வாசித்தார்கள்; கேட்பவர்கள் வித்தியாசம் எதுவும் கண்டுபிடித்து எழுதிவிடவில்லை. மின்சார பேஸில் ஒலியை எடுப்பது காந்தப் பிக்கப். மரத்தின் பெயருக்காகக் கூடுதல் ஐயாயிரம் தருவதைவிட நல்ல முறுக்காணிக்குத் தரலாம்.

பட்ஜெட்டை நீட்டச் சிறந்த வழி செகண்ட் ஹேண்ட். தலைப்பக்கத்திலிருந்து கழுத்தின் ஓரத்தைக் கண்ணால் நேர்பார்க்க வேண்டும். முறுக்கு இருந்தால் பேச்சை நிறுத்திக்கொள்ளலாம். ட்ரஸ் ராட் இரு திசையிலும் திரும்புகிறதா என்று விற்பவரையே திருப்பிக் காட்டச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் அழுத்தி, எங்காவது ஒலி சட்டென்று செத்துப் போகிறதா என்று கேட்க வேண்டும். தந்தியின் அடியில் ஃப்ரெட்டுகளில் பள்ளம் ஆழமாக இருந்தால் அவற்றை மாற்றும் கூலியை விலையில் கழிக்க வேண்டும். நான்கரை கிலோவுக்கு மேல் கனத்தால் மூன்று மணி நேரக் கச்சேரியில் தோள் பதில் சொல்லும்.

கடையில் ஒப்பிடும்போது ஒரு எச்சரிக்கை. சத்தம் கூடுதலாக உள்ளது எப்போதும் நன்றாக இருப்பதாகத் தோன்றும். பழைய கிடாரையும் எடுத்துப் போய், ஒரே ஆம்ப்ளிஃபயரில், ஒரே சத்தத்தில், தினமும் வாசிக்கும் அதே பாட்டை இரண்டிலும் வாசிக்க வேண்டும். நண்பர் வாசிக்க, கண்ணை மூடிக்கொண்டு கேட்பது இன்னும் உத்தமம். கண் திறந்திருந்தால் காது பளபளப்பைக் கேட்கிறது.

ஆக, 40,000 ரூபாயைப் பிரிக்கும் வரிசை இதுதான். ஐயாயிரத்துக்குள் தந்தியும் செட்-அப்பும் எர்த் சோதனையும். அதன் பிறகு இரண்டு மாதம் பணத்தைத் தொடாமல் வாசிக்க வேண்டும். அதற்குள் காய்ச்சல் இறங்கிவிட்டால் மீதிப் பணம் நல்ல ஆம்புக்கோ, ஆசிரியரின் சம்பளத்துக்கோ போகட்டும். இறங்கவில்லை, குறைக்குப் பெயரும் தெரிந்துவிட்டது என்றால், மிச்சமிருக்கும் 35,000 அந்தப் பெயருக்கே செலவாகும்.

முதல் கிடாரை மட்டும் விற்க வேண்டாம். சந்தையில் அதற்குக் கிடைக்கப்போவது சொற்பம். சரிசெய்த பழைய கிடார் ஒன்று மேடையின் பின்னால் சுருதி சேர்த்துத் தயாராக இருந்தால், கல்யாண வரவேற்பின் நடுவே தந்தி அறுந்தாலும் பாட்டு நிற்காது.